கார்பரேட்டருக்குப் போகிற வழியில்

மூன்றாவது சனிக்கிழமையும் அதே கார்பரேட்டரைக் கழற்றி, பழைய பேக்கரித் தட்டில் பரப்பி வைத்திருந்தேன். கராஜ் வாசலில் எட்டிப் பார்த்த என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "போன வாரம் மாட்டினதுக்கு அப்புறம் உள்ள ஏதாவது புதுசா முளைச்சிருக்குமா?"

நான் பதில் சொல்லவில்லை. கேள்வியில் நியாயம் இருந்தது.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நாங்கள் இருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பீட்டர்பரோ நகரத்துக்கு வடக்கே, வீட்டுக்கு வீடு எட்டிக் கூப்பிட முடியாத தூரத்தில். வாசலிலிருந்து சாலைவரை நீளமான மண்பாதை. டிசம்பர் வந்தால் அந்தப் பாதையில் முழங்கால்வரை பனி. அதைத் தள்ளாமல் வேலைக்குப் போக முடியாது. ஒரு குளிர்காலம் முழுக்க மண்வாரியால் தள்ளி முதுகு பழுத்த பிறகு, பழைய ஏடிவி ஒன்றை வாங்கினேன். முன்பக்கம் பனி தள்ளும் தகடு வைத்த, கார்பரேட்டர் காலத்து போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500.

ஏடிவி என்றால், நம்மூரில் ஈசிஆர் பக்கமும் சில மலை வாசஸ்தலங்களிலும் பத்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஓட்டக் கொடுப்பார்களே, அந்த நாலு தடித்த டயர் வண்டிதான். இங்கே அது விளையாட்டுச் சாமான் இல்லை. விறகு இழுக்க, வேலி பார்க்க, பனி தள்ள என்று பாதி டிராக்டர், பாதி பைக். ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். இதில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதில்லை. வலது கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்பை அழுத்த வேண்டும்.

போன கோடை முழுக்க வண்டி சும்மா நின்றது. அக்டோபரில் ஸ்டார்ட் செய்தால் சோக் போட்டால்தான் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் அணைகிறது. இந்தக் கோளாறுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஐடிலில் பெட்ரோல் கொடுக்கிற பைலட் ஜெட் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இங்கே சாதாரண பெட்ரோலில் சுமார் 10 சதவீதம் எத்தனால். மாதக்கணக்கில் கார்பரேட்டரின் கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் ஆவியாகிப் போய், மிச்சம் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. இந்தியாவில் இப்போது 20 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிறவர்கள், டேப்பை மூடி, கிண்ணத்து வடிகால் திருகைத் திறந்து பெட்ரோலை வடித்துவிட்டு வையுங்கள். அதை நான் செய்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

சரி, கழற்றிக் கழுவிவிடலாம் என்று இறங்கினேன். எனக்கு இது புதிதில்லை. பொள்ளாச்சியில் என் சித்தப்பா முப்பது வருடமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பள்ளிக்கூட லீவு முழுக்க அங்கேதான் கிடப்பேன். ஆர்எக்ஸ் 100 கார்பரேட்டர்களைப் பெட்ரோலில் முக்கிப் பிரஷ் போட்டுக் கழுவுவது என் வேலை. எத்தனை கழுவியிருப்பேன் என்று கணக்கில்லை.

சீட்டை எடுத்து, பக்கத்து பிளாஸ்டிக்குகளை எடுத்து, ஏர் பாக்ஸிலிருந்து வரும் ரப்பர்க் குழாயின் கிளாம்பைத் தளர்த்தி, பெட்ரோல் குழாய், காற்றுக் குழாய்கள், சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் எல்லாவற்றையும் விடுவித்து, கார்பரேட்டரை வெளியே எடுத்தேன். இங்கிருந்துதான் ஆட்டம் கவனமாயிற்று. ரப்பர் பாகங்களை முதலில் தனியே எடுத்து வைத்தேன், கிளீனர் திரவம் பட்டால் அவை ஊதிப்போகும். கண்ணாடி போட்டுக்கொண்டேன், கிளீனர் எந்தத் துளையில் அடித்தால் எந்தத் துளை வழியாகக் கண்ணுக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஜெட்டுக்குள் ஊசி குத்தவில்லை. பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் மட்டும் அழுக்கைத் தள்ளினேன். கலவைத் திருகைக் கழற்றும்முன் அது எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் போனில் படம். மொத்தம் 40 படம்.

அந்த 40 படத்திலும் கார்பரேட்டரின் உள்பக்கம் மட்டும்தான் இருந்தது. இதையும் நினைவில் வையுங்கள்.

மாட்டி ஸ்டார்ட் செய்தேன். சோக் இல்லாமல் ஐடில் அவ்வளவு அழகு. தையல் மிஷின் மாதிரி. பெருமை தாங்காமல் பாதையில் ஓட்டிக்கொண்டு போனேன். கட்டைவிரலைப் பாதி அழுத்தியதும் 'டப்... டபடப்... டப்.' முன்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி. விரலை விட்டால் ஐடில் அழகு. அழுத்தினால் டபடப். சைக்கிள் வேகத்தைத் தாண்ட மறுத்தது.

கழற்றுமுன் சோக்கோடாவது இழுத்துக்கொண்டிருந்த வண்டி. கழுவிய பிறகு இழுவையே இல்லை.

இந்த இடத்தில் சித்தப்பாவின் சட்டம் ஒன்று ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர் யார் வந்து நின்றாலும் அவர் முதலில் கேட்பது, "கடைசியா எவன் கை வச்சான், எதுல கை வச்சான்?" என்னிடம் சொல்வார்: "ஓடிட்டு இருந்த வண்டி, கை வச்சதுக்கப்புறம் ஓடலீன்னா, கை வச்ச எடத்துலதான் பாக்கோணும் கண்ணு. வேற எங்கயும் போகக் கூடாது."

சரியான சட்டம். நான்தான் அதைத் தவறாகப் படித்தேன். கை வைத்தது கார்பரேட்டரில், ஆகவே கோளாறு கார்பரேட்டருக்குள். மூன்று சனிக்கிழமைகள் போனது இந்த ஒரு வரியால்தான்.

ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் செய்த சோதனைகள் வீண் இல்லை. வேறொருவருக்கு அதில் ஏதாவது ஒன்று விடையாக இருக்கலாம். வரிசையாகச் சொல்கிறேன்.

இன்ஜினா, பெல்ட்டா?

இழுவை இல்லை என்றவுடன் கார்பரேட்டருக்குப் பாய்வதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். இந்த வண்டியில் கியர்பாக்ஸுக்கு முன்னால் ஸ்கூட்டியில் இருப்பது போல ஒரு பெல்ட் டிரைவ் இருக்கிறது. ஆற்றில் இறங்கி அதன் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தாலோ, பெல்ட் தேய்ந்தாலோ, இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அப்படியானால் கார்பரேட்டரைத் தொடவே வேண்டாம், பெட்டியின் அடியில் உள்ள வடிகால் அடைப்பானைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். என் வண்டியில் இன்ஜின் வேகமே ஏறவில்லை. ஆகவே பெல்ட் தப்பித்தது.

எந்த இடத்தில் திணறுகிறது?

கார்பரேட்டர் ஒன்று என்று நாம் சொன்னாலும் அதற்குள் மூன்று பேர் ஷிஃப்ட் போட்டு வேலை பார்க்கிறார்கள். ஐடிலிலிருந்து கால் பங்கு திறப்புவரை பைலட் ஜெட். காலிலிருந்து முக்கால்வரை, காற்று வழியில் ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எந்த ஷிஃப்டில் தகராறு என்று தெரிந்தால் எவரை விசாரிப்பது என்று தெரியும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. கட்டைவிரல் நெம்பின் பக்கத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டு, ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வது. 'கொஞ்சம் வேகமாப் போனா திணறுது' என்பதைவிட 'அரைக் கோட்டைத் தாண்டினால் திணறுகிறது' என்பது நூறு மடங்கு உபயோகமான வாக்கியம்.

என்னுடையது கோடு பார்த்து வரவில்லை. ஒருமுறை காலில், ஒருமுறை அரையில், மேடு பள்ளத்தில் சீக்கிரம், சமதரையில் தாமதமாக. ஷிஃப்ட் எதற்கும் கட்டுப்படாத கோளாறு கார்பரேட்டரின் ஆள் இல்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். 'ஊசியாக இருக்கும்' என்று முடிவுகட்டி, கார்பரேட்டரை மறுபடி கழற்றினேன்.

சவ்வு

ஆர்எக்ஸ் 100இல் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் கேபிள் நேராக ஸ்லைடைத் தூக்கும். கைக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் ஆள் கிடையாது. இந்த வண்டியில் இருப்பது மிக்குனி கார்பரேட்டர், வேறு வகை. கேபிள் திருப்புவது ஒரு வட்டத் தகட்டை மட்டும். ஸ்லைடைத் தூக்குவது இன்ஜின் உறிஞ்சுகிற காற்று. ஸ்லைடின் தலையில் மெல்லிய ரப்பர் சவ்வு, அதாவது டயாஃப்ரம். சவ்வுக்கு மேலே வெற்றிடம் உண்டாகும்போது ஸ்லைடு எழும். நாம் கேட்பதை அல்ல, இன்ஜினுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவையே கொடுக்கிற ஏற்பாடு.

இந்தச் சவ்வில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலோ, மேல்மூடியை மாட்டும்போது அதன் ஓரம் பள்ளத்தில் உட்காராமல் மடிந்து கசங்கினாலோ, ஸ்லைடு பாதியில் நின்றுவிடும். ஐடில் பிரமாதமாக இருக்கும், பாதிக்கு மேல் வண்டி ஏறாது. கார்பரேட்டர் கழுவிய பிறகு இழுவை போனது என்று வருகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு மூடியை மாட்டி, ஸ்லைடை விரலால் மேலே தூக்கி, வாயருகே உள்ள காற்றுத் துளையைக் கட்டைவிரலால் அடைத்து, ஸ்லைடை விடுங்கள். சவ்வு நன்றாக இருந்தால் ஸ்லைடு பொத்தென்று விழாது, தயங்கித் தயங்கித்தான் இறங்கும்.

என்னுடையது தயங்கித்தான் இறங்கியது. சவ்வும் தப்பித்தது. முதல் சனிக்கிழமை முடிந்தது.

காற்றும் குழாயும்

இரண்டாவது வாரம் கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் கழுத்தைப் பார்த்தேன். அதில் வெடிப்பு இருந்தால், அல்லது கிளாம்ப் சரியாக இறுகாவிட்டால், கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடில் ஏறி இறங்கும், இழுவை குறையும். ஏர் பாக்ஸைத் திறந்தால் எலிக்கூடு. இது இங்கே சகஜம், குளிருக்கு எலிகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. சுத்தம் செய்தேன். ஏர் பாக்ஸ் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சோதனை ஓட்டம் போகாதீர்கள். இந்த வகைக் கார்பரேட்டருக்கு மூடியும் கணக்கில் ஒரு பாகம்தான், அது இல்லாவிட்டால் புதுசாக ஒரு திணறல் சேர்ந்துகொள்ளும்.

கார்பரேட்டரின் காற்றுக் குழாய் ஒன்று சட்டத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருந்தது. ஆஹா, பிடித்துவிட்டோம் என்று துள்ளினேன். கிண்ணத்துக்குக் காற்று போகாவிட்டால் பெட்ரோல் சரியாக மேலே ஏறாது. பெட்ரோல் தொட்டி மூடியின் காற்றுக் குழாய்க்கும் இதே கதைதான். அது அடைத்தால் பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு மூச்சு முட்டும், கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி ஓடும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம். குழாயை நேராக்கி, ஸ்டார்ட் செய்து, அழுத்தினேன்.

டபடப்.

உண்மையான ஒரு தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தும் கோளாறு போகவில்லை என்றால், அந்த நேரத்துச் சோர்வு தனி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குழாயை நான் பழுது பார்க்கவில்லை. வழியிலிருந்து விலக்கினேன், அவ்வளவுதான். பதில் அங்கேயே வந்து நின்று கையசைத்திருக்கிறது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

சோக் சொன்ன சாட்சி

அன்று சாயங்காலம் இன்னொரு சோதனையும் செய்தேன். திணறும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பது. சோக் என்பது கூடுதல் பெட்ரோல். இழுத்ததும் திணறல் குறைந்தால், வண்டி பெட்ரோலுக்கு ஏங்குகிறது. மோசமானால், ஏற்கெனவே அதிகம் குடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் சோக் முளை அதன் இருக்கையில் முழுதாக உட்காராமல் இருக்கலாம், கேபிள் மாட்டும்போது நடக்கிற இன்னொரு சின்னத் தவறு அது.

என் வண்டியில் சோக்கை இழுத்தாலும் அதே டபடப், விட்டாலும் அதே டபடப். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை பழுப்பு நிறம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம், பழுப்பு என்றால் கலவை சரி. இரண்டு சாட்சிகள் வந்து 'பெட்ரோலில் குற்றமில்லை' என்று சொல்லிவிட்டுப் போயின. நான் சாட்சியைக் கேட்காமல் தீர்ப்பை ஏற்கெனவே எழுதி வைத்திருந்த நீதிபதி.

பொள்ளாச்சிக்கு ஒரு போன்

வெட்கத்தை விட்டுச் சித்தப்பாவுக்கு வீடியோ போட்டேன். அங்கே காலை ஆறு மணி. சால்வையைப் போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"படம் வேண்டாங் கண்ணு. போனை சைலன்சர் பக்கத்துல வச்சு ரேஸ் பண்ணு. சத்தம் மட்டும் கேக்கோணும்."

வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இது பெட்ரோல் இல்ல."

"எப்படிச் சித்தப்பா?"

"பெட்ரோல் பத்தலீன்னா வண்டி சோந்து போவும். 'ஊஊ'ன்னு மூச்சு இழுத்துட்டு அடங்கும். அதிகமாச்சுன்னா நெஞ்சுல சளி கட்டுனாப்ல கொரகொரங்கும், பொகை வரும். இது அப்படியில்ல. நறுக்கு நறுக்குன்னு அறுபடுது. எவனோ சுவிச்ச போட்டுப் போட்டு அமத்துறாப்ல. கரண்டு பாரு. பிளக்கு, கேப்பு, காயிலு."

கோளாறை நேரில் பார்க்காமல், பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கமிருந்து, பாதி டம்ளர் டீயில் இதைச் சொன்னார். சோர்ந்து போகிற சத்தம் வேறு, அறுபடுகிற சத்தம் வேறு. இந்தப் பதிவிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளக் புதிது போட்டேன். கேப்பைக் கழற்றி ஒயர் முனையை வெட்டி மாட்டினேன். காயிலை மீட்டர் வைத்து அளந்தேன், கணக்கு சரியாக இருந்தது. டபடப்.

"அப்ப கார்பரேட்டரை இன்னொரு தடவ..." என்று நான் இழுத்தபோது சித்தப்பா, "அத விடு கண்ணு, அது பாவம்" என்றார். விடவில்லை. மூன்றாவது சனிக்கிழமையும் கழற்றினேன். அப்போதுதான் மனைவியின் அந்தக் கேள்வி.

கட்டைவிரலுக்குக் கீழே

கேள்வி உறைத்ததில், தட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு உள்ளே வந்து, சர்வீஸ் மேனுவலை எடுத்து உட்கார்ந்தேன். கார்பரேட்டர் அத்தியாயம் எனக்கு மனப்பாடம். சித்தப்பா சொன்ன மின்சார அத்தியாயத்தைத் திறந்தேன். அங்கே 'மிஸ் அடித்தால்' என்ற பகுதியில் ஒரு குறிப்பு. மற்ற எதையும் சோதிக்குமுன் ஆக்ஸிலேட்டர் கேபிளின் ப்ளே, அதாவது கேபிள் இறுகுமுன் நெம்பு சும்மா ஆடுகிற தூரம், சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ப்ளே அதிகமானால் இடிசி சுவிட்சின் நிலை மாறி இன்ஜின் மிஸ் அடிக்கக்கூடுமாம்.

மின்சார அத்தியாயத்தில் கேபிளுக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. கட்டைவிரல் நெம்பு இருக்கிற அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் ஒளிந்திருக்கிறது. கேபிள் விறைப்பாக இருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. நீங்கள் விரலை எடுத்த பிறகும் கேபிள் எங்கோ மாட்டிக்கொண்டு இன்ஜின் திறந்தபடியே நின்றுவிட்டால், கேபிள் இந்த முனையில் தொய்யும். உடனே சுவிட்ச் தீப்பொறியை வெட்டும். வண்டி ஆளை இழுத்துக்கொண்டு ஓடாமல் நிற்கும். அதுதான் இடிசி.

ஓடிப்போய் நெம்பைத் தொட்டுப் பார்த்தேன். மேனுவல் கேட்பது நெம்பின் முனையில் ஒன்றரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் ப்ளே. என்னுடையதில் கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம் சும்மா ஆடியது. கார்பரேட்டரை வெளியே எடுப்பதற்காக, கேபிளைக் கழற்ற வசதியாக இருக்கட்டும் என்று, ஹேண்டில்பார் பக்கத்தில் ரப்பர் உறைக்குள் இருக்கிற அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தியிருந்தேன். திரும்ப மாட்டியபோது ரப்பர் உறையை அழகாக இழுத்து மூடிவிட்டேன். அட்ஜஸ்டரை மறந்துவிட்டேன். 40 படத்தில் ஒன்றில்கூட அது இல்லை.

தொய்ந்த கேபிளைப் பார்த்த சுவிட்ச், 'ஐயோ, மாட்டிக்கொண்டது' என்று நினைத்து வெட்டியிருக்கிறது. மேடு பள்ளத்தில் கேபிள் குதிக்கும்போதெல்லாம் வெட்டியிருக்கிறது. நான் கீழே கார்பரேட்டரைக் குடைந்துகொண்டிருந்த மூன்று வாரமும் குற்றவாளி என் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்திருக்கிறான். குற்றவாளி என்றுகூடச் சொல்லக்கூடாது. அவன் காவல்காரன், வேலையைச் சரியாகத்தான் பார்த்தான்.

கார்பரேட்டரை மாட்டினேன். உறுதிப்படுத்திக்கொள்ள, முதலில் அந்தச் சுவிட்சின் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், நிறுத்தும் பொத்தான்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு மெல்ல ஓட்டிப் பார்த்தேன். டபடப் காணோம். கனெக்டரை மறுபடி மாட்டினேன், டபடப் வந்தது. இதற்குமேல் சாட்சி வேண்டாம். அட்ஜஸ்டரைத் திருகி ப்ளேயைச் சரியாக்கினேன். இன்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டில்பாரை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிப் பார்த்தேன். ஐடில் ஏறக்கூடாது, ஏறினால் கேபிள் அதிகமாக இறுகிவிட்டது என்று பொருள். ஏறவில்லை. கட்டைவிரலை அழுத்தினேன். வண்டி பாய்ந்தது.

செலவு: ஒரு பிளக். நேரம்: மூன்று சனிக்கிழமை. கடைசி வேலை பிடித்த நேரம்: நாலு நிமிடம்.

எங்க ஊருல அப்படி ஒண்ணு இல்லையே

அன்றைக்கே சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்குப் புரியவே இல்லை. "கேபிள் மாட்டிக்குமா? எண்ணெய் விட்டா சரியாப் போவுதே. அதுக்கு ஒரு சுவிச்சா?"

பொள்ளாச்சியில் அது நியாயமான கேள்வி. ஆனால் வண்டியைச் செய்த போலாரிஸ் நிறுவனம் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும். 1954இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்கு அருகே உள்ள ரோசோ என்ற சிற்றூரில் தொடங்கியது. அவர்கள் பெயர் வாங்கியது பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலில். ஏடிவிக்கு வந்தது 1985இல்தான். பனியில் ஓடுகிற வண்டியில் கேபிளுக்குள் புகுந்த ஈரம் உறையும், கார்பரேட்டர் வாயில் பனிக்கட்டி பிடிக்கும், திறந்த இன்ஜின் திறந்தபடியே நிற்கும். அந்தப் பயம் தெரிந்தவர்கள்தான் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு காவல்காரனை வைக்க நினைப்பார்கள். என் கை வெயில் ஊரில் வேலை கற்றது. ஜெட், சவ்வு, பிளக் எல்லாம் அதற்குத் தெரியும். உறைகிற கேபிளை அது கண்டதில்லை, அதனால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவும் தோன்றவில்லை.

சித்தப்பாவின் சட்டத்தில் தவறில்லை என்று சொன்னேன் இல்லையா? 'கை வச்ச எடம்' என்பது நாம் பழுது பார்த்த இடம் மட்டுமில்லை. அந்த இடத்துக்குப் போகிற வழியில் நாம் விலக்கி வைத்தது, தளர்த்திவிட்டது, ஓரமாக மடக்கியது எல்லாமும்தான். பழுது பார்த்த இடத்தில் நாம் கண்ணும் கருத்துமாக இருக்கிறோம், தவறு நேர்ந்தாலும் சீக்கிரம் பிடித்துவிடுவோம். வழியில் இருப்பவற்றை நாம் வேலை என்றே கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே இப்போது கார்பரேட்டரைக் கழற்றினால், முதல் பத்துப் படம் வெளிப்பக்கத்துக்கு. எந்தக் குழாய் எதற்கு மேலே, எந்தக் கிளாம்ப் எந்தப் பக்கம் பார்த்து, எந்த அட்ஜஸ்டரில் எத்தனை மரை வெளியே என்று. மாட்டிய பிறகு இழுவை இல்லையென்றால், உள்ளே போகுமுன் அதே வழியில் பின்னோக்கி நடக்கிறேன். ஆக்ஸிலேட்டர் கேபிளின் ப்ளே, கடைசிவரை அழுத்தினால் தகடு கடைசிவரை திறக்கிறதா, சோக் முளை உட்கார்ந்திருக்கிறதா, காற்றுக் குழாய்கள் நசுங்காமல் இருக்கின்றனவா, ரப்பர் கழுத்து முழுக்க ஏறியிருக்கிறதா, சீட்டுக்கு அடியில் ஏதாவது ஒயர் கனெக்டர் கழன்றிருக்கிறதா. இதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம், பத்து நிமிடம் போதும். அதற்கும் பிறகுதான் சவ்வு, ஜெட் எல்லாம்.

முடிப்பதற்கு முன் ஒரு வாக்குமூலம். அந்தக் கனெக்டரைக் கழற்றிப் பார்த்த அன்று, அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மூன்று வாரம் என்னைப் படுத்திய சுவிட்ச் அது. பழைய வண்டிகளில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும் என்று அரைமனதாகத்தான் மாட்டி வைத்தேன்.

ஜனவரியில் ஒருநாள், மைனஸ் 20க்குக் கீழே. முந்தைய நாள் வண்டியைக் கழுவி, ஈரத்தோடு கராஜுக்கு வெளியே விட்டிருந்தேன். என் தப்புதான். காலையில் பாதை முழுக்கத் தள்ளிவிட்டு, கடைசி வாரலுக்காகக் கராஜ் கதவை நோக்கிக் கொஞ்சம் வேகமாக வந்தேன். கதவருகே கட்டைவிரலை எடுத்தேன். இன்ஜின் இறங்கவில்லை. ஒரு கணம் அதே வேகம், அதே இரைச்சல். எனக்குப் புரிவதற்குள் 'டப்' என்று ஒரு வெட்டு. பிறகு நிசப்தம். பிரேக்கைப் பிடித்ததும் தகடு கதவுக்கு ஓர் அடி முன்னால் நின்றது.

கையுறையைக் கழற்றி நெம்பை ஆட்டிப் பார்த்தேன். தொளதொளவென்று ஆடியது. கேபிள் உள்ளே உறைந்திருந்தது.

உள்ளே போய் டீ போட்டுக் குடித்துவிட்டு, சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.